காயாத மலை

1979 வைகாசியில் செங்கம் ரோட்டு டீக்கடைகளில் ஒரு பேச்சு ஓடியது. அடி அண்ணாமலை சகாதேவன் பெண்டாட்டியை விட்டுவிட்டுச் சாமியாராகிவிட்டானாம். ஏரிக்கரையில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறானாம். வாய் திறப்பதே இல்லையாம். திருவண்ணாமலையில் ஒருவன் சாமியாராவது செய்தி இல்லை. உள்ளூர்க்காரன் ஆனதுதான் செய்தி. அதுவரை அந்த வேலையை வெளியூர்க்காரர்கள்தான் பார்த்துவந்தார்கள்.

விசாரித்ததில் பெண்டாட்டி சமாச்சாரம் முதலில் உடைந்தது. பச்சையம்மாள் வழக்கம்போல அவனுக்குக் கூழ் கரைத்துக் கொடுத்து, வழக்கம்போலத் திட்டிக்கொண்டும் இருந்தாள். வாய் திறப்பதில்லை என்பது மட்டும் நிஜம். வாயில் பிரஷ் இருந்தது.

தேரடித் தெருவில் மூர்த்தியின் போட்டோ ஸ்டுடியோவுக்குப் பின்திரை எழுதுவது சகாதேவன் பிழைப்பு. ஏரி, அன்னம், பின்னால் பனிமலை. பனியை அவன் பார்த்தது குச்சி ஐஸ்காரனின் பெட்டிக்குள் மட்டும். ஒருநாள் கேட்டுப் பார்த்தான்.

“நம்ம மலையையே எழுதட்டுங்களா?”

“சாமிக்கு முதுகைக் காட்டிக்கினு எவன்யா போட்டோ புடிச்சுக்குவான்? செருப்பு வேற போட்டுக்கினு நிப்பான். பனிமலைன்னா கேக்க நாதியில்ல, அதையே எழுது” என்றார் மூர்த்தி.

அன்றிலிருந்து சகாதேவன் விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போனான். அந்தப் பக்கத்தில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து கிளம்பும். கிளம்புவதற்குச் சற்று முன்னால் மலைக்கு ஒரு நிறம் வரும், கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை. அதை ஒருமுறையாவது துணியில் பிடித்துவிட வேண்டும். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. யாரும் கேட்கவில்லை, யாரும் வாங்கப்போவதில்லை. ஸ்டுடியோவில் அன்னத்தின் கழுத்து குட்டை என்று சொல்ல ஒன்பது பேர் இருந்தார்கள். இங்கே சொல்ல ஆளில்லாததால், எது குட்டை என்று அவனுக்கே தெரிந்தது. மழை வந்து ஒரு படத்தைக் கரைத்தது. “நானே கலைக்கணும்னுதான் இருந்தேன்” என்றான். ஆடு இன்னொன்றின் மூலையைத் தின்றது. “மூலைதானே” என்றான். நாளைக்குச் சரியாக வந்துவிடும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

சந்தேகம் வந்தது மனிதர்களால். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த மெட்ராஸ்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற பாங்க் ஆபீசர், ஒருநாள் பின்னால் வந்து உட்கார்ந்தார். “தனிமையில என்ன கிடைச்சது சாமி?” என்று கேட்டார். சகாதேவன் பல்லில் ஒரு பிரஷ், கையில் இரண்டு. ஈயை விரட்டக் கையை மேலே வீசினான். அவர் வானத்தைப் பார்த்தார், கண் கலங்கினார், மறுநாள் நாலு பேரைக் கூட்டி வந்தார். அப்புறம் வாழைப்பழம் வந்தது, ஊதுவத்தி வந்தது. தனியாக இருப்பவன் என்று பேர் வந்ததும் தனிமை போயிற்று. இனி இங்கே எழுத முடியாது என்று அவனுக்குத் தோன்றிய வாரத்தில்தான் அந்த நிறமும் படிய ஆரம்பித்தது. இன்னும் ஒரே காலை போதும்.

அந்தக் காலையில் பச்சையம்மாளின் அண்ணன் தருமன், கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். தங்கச்சியைக் கையோடு அழைத்துப் போகும் கோபத்தில் வந்தவர், கோபத்திலும் கோயிலைத் தாண்டிப் போக மனமில்லாமல் தரிசனம் முடித்து, விபூதிப் பொட்டலத்தோடு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்.

“இன்னா மாப்ள, காவி எப்ப கட்டப் போற? நானே எடுத்துத் தர்றேன்.”

பிரஷ் பல்லில் இருந்தது.

“பொண்ண குடுத்த வூட்டுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ஊமை மாதிரி குந்திக்கினு…”

பேச்சு பாதியில் நின்றது. அவர் கண் துணியில் விழுந்திருந்தது. அதில் மலை அந்த நிறத்தோடு அப்படியே நின்றது. அவர் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது, தானாகவே பொட்டலத்தையும் பிரித்தது. ஈர மலையின் மேல் மூன்று விரலால் பட்டையாக இழுத்துவிட்டார்.

பிரஷ் கீழே விழுந்தது. “யோவ் மச்சான், இன்னும் காயலய்யா.”

சாமி பேசிவிட்டது. அதுவும் யோவ் என்று. மெட்ராஸ்காரர் துண்டை உதறி எழுந்தார். கொஞ்ச நேரத்தில் கரை காலி.

“தொடச்சிடு மாப்ள” என்றார் தருமன், தான் கைவைக்கப் பயந்து.

சகாதேவன் பிரஷ் துடைக்கும் கந்தையை எடுத்தான். அந்த மலையடியில் பிறந்தவன் அவன். அவன் கையும் எழவில்லை.

வீட்டில் பச்சையம்மாள் இருவரையும் பார்த்தாள்.

“இவுர நான்தாண்ணா எழுப்பி அனுப்பறேன். காலையில தனியா குந்திட்டு வந்தாதான் மனுசனா இருக்கறாரு. போவாத நாள்ல உப்பு கம்மி, புளி ஜாஸ்தின்னு உசுர எடுக்கறாரு. நீ வந்ததும் வந்துட்ட, என்ன ரெண்டு நாளைக்கி இட்னு போ. எனக்கும் கொஞ்சம் தனியா குந்தணும்.”

அவள் போனாள், இரண்டாம் நாள் திரும்பியும் வந்தாள். படம் அவர்களோடு போனது. பட்டை போட்டதை வேறு என்ன செய்வது? பஸ்ஸில் யார் மேலும் ஒட்டாமல் அதை மடியில் வைத்துப் போன தருமன், இன்றும் அதற்குத்தான் சூடம் காட்டுகிறார். அன்று பஸ் ஏறும்போது சொன்னார்: “பதிலுக்கு ரெண்டு கெஜம் காடாத்துணி என் கணக்கு மாப்ள. அடுத்த பௌர்ணமிக்குக் கையில இருக்கும்.”

இது 1985. தருமன் பௌர்ணமிதோறும் மலை சுற்ற வருகிறார். மல்லாட்டை கொண்டு வருகிறார், பூசணிக்காய் கொண்டு வருகிறார், சாப்பிடுகிறார், போகிறார். ஏரிக்கரையில் இப்போது யாரும் வந்து உட்காருவதில்லை. சகாதேவன் மைதா சாக்கைப் பிரித்து அதில் எழுதிக்கொண்டிருக்கிறான். நூல் முரடு, அந்த நிறம் நிற்க மாட்டேன் என்கிறது. வாய் விட்டுக் கேட்டுவிடேன் என்று பச்சையம்மாள் சொன்னால் வேண்டாம் என்று தலையாட்டுகிறான்.

“நல்ல துணியா பாத்துக்கினு இருப்பாரு” என்கிறான்.