ரூத்துவின் விசுவாசம்

நேற்று சாலவாக்கம் போகிற வழியில், மழையில் நனைந்த ஒரு டீக்கடைக் கூரையிலிருந்து கீற்று வாசனை வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டேன். சாலையை அகலப்படுத்தியபோது இடித்துப்போட்ட எங்கள் காலனி ஜெபக்கூடம் மழைக்காலமெல்லாம் இப்படித்தான் மணக்கும். வாரமெல்லாம் நடவுக்குப் போய்ச் சேற்றுப்புண் வந்த கால்களை நீட்டிக்கொண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்து பாட, பிறந்ததிலிருந்து வாய் பேசாத என் தங்கை ரூத்து அம்மா மடியில் சாய்ந்தபடி, பாட்டு முடிந்த பிறகும் கைதட்டிக்கொண்டே இருப்பாள்.

ஆறு வயதில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. அந்தக் கூடத்தில்தான் அவளைக் கிடத்தியிருந்தோம். சபை மூப்பர் போதகரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வாயால அறிக்க பண்ணாதான் ரட்சிப்புன்றோம். இந்தப் புள்ள ஒரு வார்த்தகூட சொல்லலியே, ஐயரே?"

போதகர் பதில் சொல்வதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"என்னப் பாத்து ஒரு நாளும் அம்மான்னு சொன்னதில்ல இவ. அதுக்காக எம்புள்ள இல்லன்னு ஆயிடுமாண்ணா? பயந்தா என் மடிலதான வந்து வுழுவா? எனக்கே தெரிஞ்சது கர்த்தருக்குத் தெரியாதா?"

மூப்பர் குனிந்து, ரூத்துவின் சவப்பெட்டியைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அம்மா, ரூத்துவின் கவுனை முகத்தில் அழுத்திக்கொண்டு, "ஒரே ஒரு தடவ கூப்ட்டிருக்கலாமேடி" என்று கதறியதை, உள்ளே போகத் துணியாமல் நானும் நைனாவும் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.