எர்மெலிந்தாவின் பதினோரு வரிகள்

தன் கோபத்தின் சூட்டில் ஒரு கருவியே கருகிப்போனது என்று எர்மெலிந்தா சொல்வாள். கேட்பவர் புருவத்தை உயர்த்தினால், "சரி, கருகல. செத்துப்போச்சு. போதுமா?" என்று கொஞ்சம் இறங்கி வருவாள்.

மெக்சிகோ நகரத்து மேடைகளில் இருபது வருஷம் ராணியாகவும் சூனியக்காரியாகவும் முழங்கியவள் அவள். தொலைக்காட்சிக்கு வந்ததும் கையில் தட்டைக் கொடுத்துவிட்டார்கள். பதினேழு தொடர்களிலும் வேலைக்காரி. "சாக்லேட் ஆறிடும், சின்னம்மா." இதற்கா தொண்டையைத் தீட்டி வைத்தேன் என்று பல்லைக் கடிப்பாள்.

வசனத்தை மனப்பாடம் செய்யும் வழக்கமே அங்கே ஒழிந்திருந்தது. எல்லோர் காதிலும் ஒரு சின்னக் கருவி. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மெலிதோன் வரி வரியாக ஓதுவான், நடிகர்கள் ஒப்பிப்பார்கள். எர்மெலிந்தா மட்டும் அதைத் தொடமாட்டாள். "என் காது என்ன குப்பைத்தொட்டியா?"

பதினெட்டாவது தொடரின் கடைசிக் காட்சியில்தான் அவளுக்கு வாய் கிடைத்தது. பணக்கார வீட்டுப் பொய்களையெல்லாம் கல்யாண விருந்தில் வேலைக்காரி போட்டு உடைக்க வேண்டும். பதினோரு வரி. குளிக்கும்போதும் சொன்னாள், பேருந்திலும் சொன்னாள். படப்பிடிப்பன்று காலையில் இயக்குநர் பல்தசார், மூத்த பெண்களை அழைக்கும் 'தோன்யா' என்ற மரியாதைச் சொல்லோடு வந்து நின்றார்.

"தோன்யா, அந்த வசனத்த மரிசேலா பேசட்டும். கதாநாயகி பேசினாத்தான் ஜனங்க அழுவாங்க. நீங்க பின்னாடி தட்டோட நில்லுங்க."

"எங்க நிக்கணும்? உங்க தலைமேலயா?"

"கோவிச்சுக்காதீங்க..."

"பின்ன, கொஞ்சணுமா?"

மரிசேலாவுக்கு இருபத்து மூன்று வயது. காதில் ஓதாவிட்டால் அவள் தன் பெயரையே மறந்துவிடுவாள் என்பது எர்மெலிந்தாவின் கணிப்பு. விளக்குகள் எரிந்தன. மரிசேலா வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு சொல்லும் வரவில்லை. காதுக் கருவி செத்துவிட்டது என்று முடிவுகட்டிய எர்மெலிந்தா, தட்டைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு முன்னால் வந்தாள். பதினோரு வரியும் பதினோரு அறையாக விழுந்தன. பல்தசார் கட் சொல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிபரப்புக்கு நான்கே மணி நேரம் இருந்ததால் மறுபடி எடுக்கவும் வழியில்லை.

தன் எண்பதாவது பிறந்தநாள் விருந்திலும் அதே ஆத்திரத்தோடு சொன்னாள்: "கருவி செத்ததும் அந்தப் பொம்மை முழிச்ச முழி இருக்கே!"

மெலிதோன் தட்டைக் கீழே வைத்தான்.

"கருவி சாகல, தோன்யா. நான் ஒப்புக்கு ஓதிக்கிட்டேதான் இருந்தேன். அது ஒப்பனை மேசையில கெடந்துச்சு. அந்தப் பொண்ணு கழட்டி வச்சுட்டுத்தான் வந்துச்சு, 'அது அவங்க வரி, அவங்களே பேசட்டும்'னு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு விளக்கு எரியறதுக்கு முன்னாடியே என்கிட்ட சத்தியமும் வாங்கிடுச்சு. தெரிஞ்சா உங்க கோவம் ஆறிடுமாம். கோவம் ஆறினா அந்தப் பதினோரு வரியும் சரியா விழாதாம்."