இல்லாத காளையின் சொந்தக்காரர்

வேலிக் கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மெர்வின் ப்ரீஸ் வழி சொல்லிக்கொண்டிருந்தார். பர்மிங்ஹாமிலிருந்து காரில் வந்த குடும்பம் மேட்டிலிருக்கும் சின்னத் தேவாலயத்துக்குப் போக வேண்டும் என்றது.

"அங்க என்னம்மா இருக்கு? நாலு கல்லு, ரெண்டு வௌவால். ஆத்தோரக் கடைக்குப் போங்க, ஆப்பிள் சைடர் நல்லா இருக்கும். இங்க காளை வேற நிக்குது. ஆளைக் கண்டா அதுக்கு ஆகாது."

காளை கிடையாது. இருந்த காளையை அவர் விற்றுப் பல வருஷமாகிறது. 'காளை ஜாக்கிரதை' என்ற போர்டு மட்டும் உண்டு. மற்ற விவசாயிகள் காளைக்குத் தீனி போடுவார்கள். மெர்வின் வசந்தகாலம் வந்தால் போர்டுக்குச் சிவப்பு வண்ணம் அடிப்பார். சாணி அள்ளும் வேலை மிச்சம்.

அவர் புல்வெளியை ஊடறுத்துத் தேவாலயத்துக்குப் போகும் நடைபாதை ஊருக்குப் பொது. அடைக்கச் சட்டம் விடாது. போதாக்குறைக்கு, ஹெரஃபோர்ட்ஷைரில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று போட்ட கையேட்டில் யாரோ ஒரு புண்ணியவான் இந்தத் தேவாலயத்தையும் சேர்த்துவிட்டார். வெளிச்சுவரில் கூரைக்கடியில் ஒரு முயலும் நாயும் கன்னத்தோடு கன்னம் வைத்திருப்பதாகச் சிற்பம்.

"நிஜ முயல் என் வயல்ல கூட்டம் கூட்டமா ஓடுது. அதைப் பார்க்க ஒருத்தனும் வரமாட்டேங்கறான்" என்பார்.

இரண்டு வருஷம் முன்பு சுற்றுலா வந்த யாருடைய நாயோ சினையாட்டைத் துரத்தியதில் குட்டி செத்துப் பிறந்தது. அந்தக் கோபம் நியாயம்தான். அதற்காக நாயே வளர்க்காதவர்களையும் சேர்த்து விரட்டியதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் அந்தத் தேவாலய வாசலில் கோடை ஞாயிறுகளில் மேசை போட்டுத் தேநீரும் கேக்கும் கொடுப்பவர் அவருடைய மனைவி கிளெனிஸ். கூரை ஒழுகுகிறது. சாப்பிட்டவர்கள் உண்டியலில் போடுவதை வைத்துத்தான் அதை மாற்றியாக வேண்டும். கிளெனிஸ் வீட்டின் பின்பக்கச் சாலையில் காரில் போய்விடுவார். கீழே வேலிக் கதவில் தொங்கும் போர்டை அவர் கண்டதே இல்லை.

இரண்டு கோடையாக ஈ காக்கை வரவில்லை. கிளெனிஸ் யோசித்து யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்: தன் கேக். வெண்ணெயைக் கூட்டினார், சர்க்கரையைக் குறைத்தார், எலுமிச்சைக்கு மாறினார். மிஞ்சியதையெல்லாம் வாரம் முழுக்க மெர்வின் தின்றார். உண்மையைச் சொல்லத்தான் அந்த வாய்க்கு ஒழிவில்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று மேசையை மடித்து எடுத்துவர அவரைக் கூப்பிட்டிருந்தார் கிளெனிஸ்.

"இன்னியோட போதும் மெர்வின். சாவியைப் பாதிரியார்கிட்ட குடுத்துடறேன். அவங்க பூட்டிட்டுப் போகட்டும்."

"நாம கல்யாணம் பண்ணிக்கிட்ட இடமாச்சே."

"அதுக்கு நான் என்ன பண்ண? என் கைப்பக்குவம் போயிடுச்சு. யாருக்கும் புடிக்கல."

"எனக்குப் புடிச்சிருக்கே."

"சோப்பை அறுத்துக் குடுத்தாலும் நீ தின்னுட்டு நல்லாருக்கும்ப."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மெர்வின் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் கைத்தடியோடு ஒரு வயதான தம்பதி மூச்சு வாங்க வந்து நின்றார்கள்.

"அப்பாடா, தொறந்திருக்கு" என்றார் அந்த அம்மாள். "உங்க கேக்கைப் பத்தி ஊருக்குள்ள சொன்னாங்க. கீழ காளைன்னு போர்டைப் பார்த்துட்டு போன வருஷமே ரெண்டு தடவை திரும்பிட்டோம். இன்னிக்கு ரோட்டைச் சுத்தி வந்தோம்."

"எந்தக் காளை?" என்றார் கிளெனிஸ்.

மெர்வின் முகத்தில் ஈயாடவில்லை. கூரைக்கடியிலிருந்த முயலையும் நாயையும், வாழ்க்கையில் முதல்முறையாக, மிகுந்த அக்கறையோடு அண்ணாந்து பார்த்தார்.

"செத்துப்போச்சு" என்றார்.

"எப்போ?"

"இப்பத்தான்."

கிளெனிஸ் வந்தவர்களை உட்காரவைத்து ஆளுக்கொரு துண்டு வெட்டிவைத்தார். அந்த அம்மாள் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். கிளெனிஸின் முகம் சிவந்துபோனது. மெர்வின் மேசையைச் சுற்றி நைசாக நழுவப் பார்த்தார். கிளெனிஸ் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, தன் ஏப்ரனை அவிழ்த்து, அவர் இடுப்பில் சுற்றிப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டார்.