அளவு ரவிக்கை

எங்கள் வீட்டில் ரவிக்கை தைக்கப் பெண் நேரில் போக வேண்டியதில்லை. அவளுடைய பழைய ரவிக்கை போனால் போதும். அளவுக்கு அந்தப் பழையது, கூடவே புதுத் துணி, இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி, ஈப்போ டவுனுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். தையற்காரர் பழையதை மேசையில் விரித்து, அதைப் பார்த்தே புதியதை வெட்டிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ரவிக்கை தைத்த மனிதர் என் முகத்தைப் பார்த்தது கிடையாது. என் முதுகின் அகலம் அவருக்குத் தெரியும், நான் யாரென்று தெரியாது.

இந்தப் பழக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. எந்த ரவிக்கையைக் கொடுத்து அனுப்புகிறார்களோ அந்த அளவுக்குத்தான் நீ ஆளாக வேண்டும். என் கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனார், அந்த வசதியைக் கண்டுபிடித்துவிட்டார்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் என் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என்னுடையதாக இருந்த காலமே குறைவு. கல்யாணமாகி ஆறு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. அந்த ஆறு வருடமும் எந்தக் கோயிலுக்குப் போனாலும், எந்த விருந்துக்குப் போனாலும், பெண்கள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பார்ப்பார்கள். "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" வயிறு தட்டையாக இருந்தது அப்போது குற்றம். பிறகு மகள் பிறந்தாள். இப்போது தட்டையாக இல்லாதது குற்றம். இவர்களுக்குப் பிடித்த மாதிரி வயிற்றை வைத்திருக்க நான் எந்த மாதத்தோடு நின்றுவிட்டிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பிள்ளை பெற்று வந்த நாற்பது நாளும் என்னை மாமியார் வீட்டில் வைத்து ஊட்டியவர்கள் இவர்கள்தான். நாட்டுக்கோழி நல்லெண்ணெயில் மிதக்கும். மருந்துக் குழம்பில் பூண்டு முழுசு முழுசாகக் கிடக்கும். பால் ஊறுவதற்குச் சுறாப் புட்டு. வயிறு முட்டிப்போய் கையைக் கழுவப் போனால் நாத்தனார் இன்னும் ஒரு கரண்டி வைப்பார். "தின்னும்மா, உடம்பு தேற வேணாமா?" நாற்பத்தோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி நான் வெளியே வந்ததும், கரண்டி பிடித்த அதே ஆள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "என்னா இப்படி ஊதிட்டே?" பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை நான் என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாத்தனாருக்கு அதில் ஒரு சுயநலமும் இருந்தது. அவர் உடம்பு இளைக்கும் மாவு விற்கிறார். டின்னில் வரும். இரண்டு கரண்டியைத் தண்ணீரில் கலக்கி, காலையிலும் ராத்திரியிலும் சோற்றுக்குப் பதிலாகக் குடிக்க வேண்டும். அதற்கு ஷேக் என்று பெயர். இதற்காகவே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார். அதில் 'முன்', 'பின்' என்று இரண்டிரண்டு படமாகப் போடுவார்கள். முன் படத்தில் எல்லாரும் தலை வாராமல், பழைய நைட்டியில், கடன்காரனைப் பார்த்த முகத்தோடு நிற்பார்கள். பின் படத்தில் உதட்டுச் சாயம், நல்ல வெளிச்சம், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, மூச்சை இழுத்துப் பிடித்த நிலை. மூச்சை விட்டால் பாதிப் பேர் முன் படத்துக்கே திரும்பிப் போய்விடுவார்கள்.

அந்தக் குழுவில் என் படம் இல்லாதது நாத்தனாருக்குப் பெரிய குறை. சொந்தத் தம்பி மனைவியே இப்படி இருந்தால் யார் டின் வாங்குவார்கள்?

இந்த நேரத்தில்தான் என் கொழுந்தனுக்கு, கணவரின் தம்பிக்கு, கல்யாணம் நிச்சயமானது. என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப் புடவையும் ரவிக்கையும் உடுத்த வேண்டும் என்று நாத்தனார் முடிவு செய்தார். அதற்குக் 'குடும்பக் கலர்' என்று பெயரும் வைத்தார். நானும் கணவரும் கமுந்திங்கில் இருக்கிறோம். அங்கே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கிறேன். அதனால் புடவை வாங்குவது, ரவிக்கை தைக்கக் கொடுப்பது எல்லாம் ஈப்போவில் இருக்கும் அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தக் கல்யாணத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. தாலி கட்டுவதற்கு முன் தேங்காய் மேல் தாலியை வைத்து, அந்தத் தட்டை மண்டபம் முழுக்க வரிசை வரிசையாக எடுத்துப் போவார்கள். எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் செய்வார்கள். மூத்த மருமகள் என்ற முறையில் அதை எடுப்பது நான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மகள் பிறந்த பிறகு எடுத்த எந்தப் படத்திலும் என் உடம்பு இல்லை. பிள்ளையைக் கேடயம் மாதிரி முன்னால் தூக்கிக்கொண்டு பின் வரிசையில் நிற்பேன். யாரும் சொல்லி நான் அங்கே போகவில்லை, கண்களே தள்ளிவிட்டன. தாலித் தட்டை ஏந்தினால் பிள்ளையைத் தூக்க முடியாது, பின் வரிசைக்கும் போக முடியாது. ஒரு தடவையாவது அப்படி முன்னால் நடந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் ஆசை இருந்தது. ரொம்ப ஆசை இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு மாமியார் வீட்டுக்குப் போனோம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது செம்பனை நிற்கும் இடத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் அந்த வீடு. நாத்தனாரும் வந்திருந்தார், தைத்து வந்த ரவிக்கைகளோடு. என்னுடையதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். கை முழங்கையோடு நின்றுவிட்டது. இன்னொரு தடவை இழுத்தேன், வலித்தது. கழற்றிப் பார்த்தபோதுதான் கழுத்து கண்ணில் பட்டது. பானைக் கழுத்து. என் வாழ்க்கையில் பானைக் கழுத்து வைத்துத் தைத்தது ஒரே ஒரு ரவிக்கைதான், என் கல்யாண ரவிக்கை. அது மாமியாரின் பீரோவில் என் கூரைப் புடவையோடு கற்பூர வாசனையில் கிடந்தது.

வெளியே வந்து கேட்டேன். நாத்தனார் கொஞ்சமும் கூசவில்லை.

"ஆமா லா, உன் கல்யாண ஜாக்கெட்டைத்தான் அளவுக்குக் கொடுத்தேன். உனக்கு ஒரு டார்கெட் வேணும்ல? இன்னும் நாலு வாரம் இருக்கு. ரெண்டு வேளை ஷேக் குடி, தானா ஏறிடும்."

"ஏறலைன்னா அண்ணி?"

"ஏறலைன்னா தட்டை என் மக எடுக்கட்டும். ஹால் முழுக்க நடக்கணும், எல்லாரும் வீடியோ எடுப்பாங்க. குடும்பக் கலர்ல இருந்தாத்தானே பாக்க எடுப்பா இருக்கும்?"

குடும்பக் கலர் போடாதவள் தாலித் தட்டைத் தொடக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? போன மாதம்வரை அந்தக் கலரே இல்லை.

மாமியார் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்கல்லாம் புள்ளய பெத்து நாப்பது நாள்ல ஆயாக் கொட்டாயில போட்டுட்டு பால் வெட்டப் போயிட்டோம். ஒடம்பு எங்க போட்டுச்சு?" ஆயாக் கொட்டாய் என்பது தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் போட்டு வைக்கும் கொட்டகை. விடியுமுன் எழுந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, வாளி சுமந்து, பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் மார்பு கட்டிப்போய் இவர் அழுத கதையை இவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அது இப்போது உடற்பயிற்சி ஆகிவிட்டது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ரப்பர்ப் பாலை நிறுத்துப் பார்த்துத்தான் ஆளை மதிப்பான். தோட்டம் போய்விட்டது, கிராணியும் போய்விட்டான், தராசை மட்டும் இவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து மருமகளை ஏற்றிப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு பேசுகிற நான் அந்த டின்னைக் குடித்தேனா என்றால், குடித்தேன். ஆசை யாரை விட்டது? கோந்தில் வெனிலா வாசனை போட்ட மாதிரி இருந்தது. வேலையிடத்தில் கையுறைகளைக் காற்றடைத்துப் பார்க்கும்போது அவை இரண்டு இரண்டாகத் தெரிந்தன. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு வாரம் போவதற்குள் பால் குறைந்துவிட்டது. மகள் மார்பில் வாயை வைத்து இழுத்துப் பார்ப்பாள், விடுவாள், மறுபடி இழுப்பாள். பிறகு என் நெஞ்சில் சின்னக் கையால் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரு துண்டுத் துணிக்காக என் பிள்ளையைப் பட்டினி போடுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. டின்னைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன். சாக்கடை இளைத்ததா என்று தெரியவில்லை.

மகளுக்கு ஊசி போடப் போனபோது கிளினிக்கில் நர்ஸ் மிஸி டின் கதையைக் கேட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "பால் குடுக்குற அம்மா பட்டினி கிடக்கலாமா? செவத்துல இருக்குற படத்தைப் பாருங்க." சுவரில் ஒரு தட்டு வரைந்திருந்தார்கள். கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, மீதிப் பாதி காயும் பழமும். அவ்வளவுதான். டின் இல்லை, குழு இல்லை, டார்கெட் இல்லை. கீரையைக் கடைந்தேன், கெம்போங் மீனைச் சுட்டேன், மூன்று வேளையும் மென்று தின்றேன். சாயங்காலம் பிள்ளையை வண்டியில் வைத்து எங்கள் தாமான் திடலைச் சுற்றி நடந்தேன். உடம்பு பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ஆனால் பிள்ளையை ஒரு கையிலும் சந்தைப் பையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. பாலும் ஊறியது. இதற்கெல்லாம் பின் படம் எடுக்க முடியாது.

ரவிக்கையைப் பிரித்துவிடலாம் என்று நம்பி ஒரு சனிக்கிழமை நானே ஈப்போவுக்குப் போனேன். நல்ல தையற்காரர் யாரும் பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பார், உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ள. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்த அந்த மனிதர் ரவிக்கையைப் புரட்டிக் காட்டினார்.

"பிரிக்க முடியாதும்மா. உள்ள துணியே இல்ல. உங்க அண்ணிதான் விட வேணாம்னு சொன்னாங்க. பிரிக்க வழி இருந்தா இளைக்க மாட்டீங்களாம்."

"அவங்க ஜாக்கெட்டுக்கு?"

பக்கத்தில் ஊக்கு மாற்றத் திரும்பி வந்து தொங்கிய கத்தரிப்பூ நிற ரவிக்கையைக் கண்ணால் காட்டினார். "அதுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் விட்டிருக்கேன். அவங்களே கேட்டு வாங்கினாங்க."

ஊருக்கெல்லாம் இளைக்க மாவு விற்கிறவர், தனக்கு மட்டும் ரெண்டு விரல் துணி விட்டு வைத்திருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கும் எனக்கும் இல்லை என்பது இதுதான். அவர் உடம்பு பெருத்தால் எனக்கென்ன? பெருக்கட்டும், அது அவர் உடம்பு. அவருக்குக் கொடுத்துக்கொண்ட இரண்டு விரலை எனக்கு ஏன் வெட்டினார் என்பதுதான் என் கேள்வி.

"அண்ணே, ஆளை அளந்து ஒண்ணு தைங்க," என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து டேப்போடு வந்தார். கழுத்து, தோள், மார்பு, இடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சுற்றி எண்ணைச் சொன்னார், கணவர் சாக்கட்டியால் துணியில் எழுதிக்கொண்டார். யாரும் உச்சுக்கொட்டவில்லை. எண் எண்ணாகவே இருந்தது. கையுறைகூட மூன்று நான்கு அளவில் வருகிறது, பெரியதைப் பார்த்து நீ ஏன் சின்னதாக இல்லை என்று எங்கள் தொழிற்சாலையில் யாரும் கேட்பதில்லை. கத்தரிப்பூத் துணி தீர்ந்துபோனதால் மாம்பழ மஞ்சளில் பட்டு எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சின்ன ரவிக்கைக்கு வேறொரு வேலை சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் கத்தரிப்பூப் புடவைக்கு மஞ்சள் ரவிக்கையைப் போட்டேன். கையைத் தூக்கினேன், இறக்கினேன், பிள்ளையைக் குனிந்து எடுத்தேன். எங்கும் பிடிக்கவில்லை. கண்ணாடியில் அழகாக இருந்தேன். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, நன்றாகவே இருந்தேன்.

மண்டபத்தில் நாத்தனார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஐயர் தாலித் தட்டை நீட்டி, "யாரும்மா எடுக்கிறது?" என்றதும் நாத்தனார் தன் மகளைக் கைகாட்டி அழைத்தார். அந்தப் பெண் எழுந்திருப்பதற்குள் தட்டு என் கையில் இருந்தது.

"குடும்பக் கலர் ஜாக்கெட் இல்லாம எப்படி லா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"கலர் அங்க இருக்கு அண்ணி," என்றேன்.

முதல் வரிசையில் கணவர் மடியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். கத்தரிப்பூப் பட்டில் சட்டை, பானைக் கழுத்து.

"நாலு வாரத்துல அந்த ஜாக்கெட்டுக்குச் சரியா வந்த ஆளு அவ ஒருத்திதான். பிரிக்கலாம்னுதான் பாத்தேன். உள்ள துணி விட வேணாம்னு சொல்லிட்டீங்களாமே, அதான் வெட்டிட்டேன். உங்களுக்கு அந்தக் கவல இல்ல, ரெண்டு விரல் இருக்கு."

நாத்தனாரின் கை தன் ரவிக்கையின் பக்கத் தையலுக்குப் போனது.

நான் மணவறையிலிருந்து இறங்கி நடந்தேன். வரிசை வரிசையாகத் தாலியைத் தொட்டார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியம்மா தாலியைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்து, "என்னாம்மா, நல்லா ஒடம்பு போட்டுட்டியே," என்றார். ஊர் ஒரே நாளில் திருந்திவிடுமா என்ன? "ஆமா பெரியம்மா, போட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் தட்டை நீட்டினேன்.

அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நான் நடக்கிறேன், முன்னால் யாரும் இல்லை, இடுப்பில் பிள்ளையும் இல்லை. கடைசிவரை பார்த்துவிட்டேன். ஓரிடத்தில்கூட நான் மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை.