கச்சிதம் வாங்கிய மேசை

கடைத்தெருவில் அந்தத் தையல்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கச்சிதம் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆள் கண்ணாடி முன்னால் நின்றால், இவர் பின்னால் வந்து தோளைத் தட்டி, "கச்சிதம்" என்பார். போட்டவருக்குத் தொப்பை இருந்தாலும் கச்சிதம், முதுகு வளைந்திருந்தாலும் கச்சிதம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மனுஷன் பாதி ஆயுசை ஓட்டிவிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. பருத்த உடம்பு, வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் பருத்துக்கொண்டே வந்த உடம்பு. அக்காவுக்கு மட்டும் அவர் டேப் பிடிப்பதில்லை. அவள் வாசலில் நிற்கும்போதே கண்ணால் அளந்துகொண்டு, போன தடவையைவிடக் கொஞ்சம் கூட்டி வெட்டுவார். பிற்பாடு பிரித்துவிடத் தோதாக, உள்தையலிலும் தாராளமாகத் துணி விட்டுவைப்பார். அக்கா போட்டுப் பார்த்துவிட்டு, "பழைய அளவுதானா தம்பி?" என்பாள்.

"அதே அளவுதான்க்கா. நீ மாறவே இல்ல. கச்சிதம்."

அதைக் கேட்டு அவள் சிரிக்கிற சிரிப்புக்காக இன்னும் நூறு பொய் சொல்லலாம் என்றிருக்கும் அவருக்கு.

அக்காவின் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, "எங்ககூடவே வந்து இருந்துடுக்கா" என்று தம்பி நச்சரிக்க ஆரம்பித்தார். அவள் லேசில் பிடிகொடுக்கவில்லை. "தனியா உக்காந்து சாப்பிடறதுதான் எனக்குத் தாங்கல. அங்க வந்தும் ஒரு ஓரமா, தட்டை மடியில வச்சுக்கிட்டு உக்காரணும்னா, அதுக்கு என் வீடே தேவல" என்றாள். நியாயம்தானே. தம்பி வீட்டில் சாப்பாட்டு மேசையே கிடையாது. ஆளுக்கொரு மூலையில் தட்டோடு உட்காருகிற வீடு அது.

உடனே கொத்தனாரைக் கூப்பிட்டார். அடுக்களையில் ஜன்னல் பக்கத்துக் குறுகல் இடத்தில், மூன்று பக்கச் சுவரையும் ஒட்டி, 'ப' வடிவத்தில் பெஞ்சு கட்டவைத்தார். மெத்தை உறையெல்லாம் அவரே தைத்தது. நடுவில் ஒரு மேசையைப் போட்டுவிட்டால் எல்லோரும் முகம் பார்த்துச் சாப்பிடலாம். அக்காவும் ஒருவழியாக இறங்கி வந்தாள். "மொதல்ல வந்து பாக்கறேன். சரிப்பட்டா இருக்கேன்" என்றாள்.

வினை மேசைக் கடையில்தான் வந்தது. கடைக்காரர் இரண்டு மேசைகளைக் காட்டினார். ஒன்று சின்னது, நடுவில் ஒற்றைக் கால். இன்னொன்று அகலமானது, நாலு மூலையிலும் கால்.

"நாற்காலின்னா பின்னால தள்ளிக்கலாம். கட்டின பெஞ்சு தள்ளாது, பக்கவாட்டுல நகந்துதான் உள்ள போகணும்" என்றார் கடைக்காரர். "நாலு கால் இருந்தா கொஞ்சம் இடிக்கும்."

கச்சிதத்துக்கோ அகல மேசை மேல்தான் கண். வீட்டிலேயே டேப் பிடித்துப் பார்த்து வந்திருந்தார். மேசை விளிம்பு பெஞ்சு விளிம்போடு நூல் பிடித்த மாதிரி வந்து நிற்கும். தையல்காரப் புத்தி அது. வெறும் பெஞ்சுக்கு அளவெடுத்தாரே தவிர, அதில் உட்காரப்போகிறவர்களுக்கு எடுக்கவில்லை.

"வீட்ல கொஞ்சம் கனமான உடம்புக்காரங்க யாராவது இருக்காங்களா? இருந்தா சின்னதையே எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

மனைவி வாயைத் திறந்தாள். பக்கத்தில் நாற்காலி பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளஞ்ஜோடி, 'கனமான உடம்பு' என்றதும் களுக்கென்று சிரித்தது. அவ்வளவுதான், கச்சிதம் மனைவியின் காலை மிதித்தார்.

"எங்க வீட்ல எல்லாரும் ஒல்லிதாங்க" என்றார்.

சொன்ன கையோடு உள்ளே சுருக்கென்றது. சின்ன வயதில் அக்காவோடு தெருவில் போகும்போது பையன்கள் யாராவது கேலி பேசினால், இவர் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிடுவார், இவளை யாரென்றே தெரியாதது போல. தலை நரைத்தும் அந்தப் புத்தி போகவில்லையே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. அப்படியும் சொன்னதை மாற்றிச் சொன்னாரா? அதுதான் இல்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மனைவி, "அண்ணி எங்க உக்காருவாங்கன்னு நெனச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஓரத்துல உக்காந்துக்குவா" என்று முணுமுணுத்தார். எந்த ஓரம் வேண்டாம் என்று அக்கா சொன்னாளோ, அதே ஓரம்.

மேசை வந்த அன்றுதான் அக்காவும் ஒரு பையோடு வந்தாள். பையை வாசல் பக்கமே வைத்துவிட்டு நேரே அடுக்களைக்கு வந்தாள். கடைக்காரரே கால்களைப் பூட்டி, மேசையைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் மொதல்ல உக்காருவேன்" என்று அக்கா குழந்தை மாதிரி பெஞ்சில் நகர்ந்து போனாள். முதல் காலைத் தாண்டும் இடத்தில் நின்றுவிட்டாள். மேசை விளிம்பு வயிற்றில் அழுந்தியது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

"கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கக்கா" என்றார் தம்பி. சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மனைவி ஓடிவந்து மேசையை வெளியே இழுத்தாள். அக்கா மேல்மூச்சு வாங்க அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் பாவம், நல்ல மனுஷன். அவருக்கு என்ன தெரியும். "நான் கேட்டேனே சார். வீட்ல எல்லாரும் ஒல்லின்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். "கீறல் விழல. இதை எடுத்துக்கிட்டு அந்த ஒத்தைக் கால் மேசையைக் குடுத்துடறேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"ஒல்லின்னா சொன்ன?"

அவர் தரையைப் பார்த்தார்.

"வருஷா வருஷம் நீ கூட்டித்தான் வெட்டறேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பழைய சட்டை எதுவும் என் தோளுக்குக்கூட ஏறல. எனக்குக் கண்ணு இல்லையா என்ன. நீ சொல்ற விதம் நல்லா இருக்கும், அதுக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் கேப்பேன்." புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொய் எனக்காகச் சொன்ன. இது யாருக்காக தம்பி?"

மழுப்ப அவருக்கு ஆயிரம் வழி தெரியும். வாடிக்கையாளர்களிடம் பழகிய வாய். அன்று ஒன்றும் கைகொடுக்கவில்லை.

"எனக்காகத்தான்க்கா. அங்க ரெண்டு பேர் சிரிச்சாங்க. உன்னை எங்க அக்கான்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைக்காரர் திருப்புளியைப் பையில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டார்.

அக்கா நகர்ந்து நகர்ந்து பெஞ்சின் நட்டநடுவில், ஜன்னலுக்கு நேராக, சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாள்.

"கழுத்துல தொங்குதே, அதை எடு. சுவத்துலேருந்து என் வயிறு வரைக்கும் அள. ஒத்தைக் காலா இருந்தாலும் பலகை எங்க வரணும்னு அவருக்குத் தெரியணும்ல."

அவர் மண்டியிட்டு டேப்பைப் பிடித்தார். ஆயுளில் முதல் தடவையாக அக்காவுக்கு டேப் பிடிக்கிறார். எண் கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்குத்தான் வரவில்லை. மென்று முழுங்கி ஏதோ சொன்னார்.

"கேக்கல" என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்து, கடைக்காரருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். கடைக்காரர் தலையாட்டிவிட்டு, மேசையின் கால்களைக் கழற்ற ஆரம்பித்தார். மனைவி டீக்கு அடுப்பைப் பற்றவைத்தபடி, "அண்ணி, பையை உள்ள கொண்டுபோய் வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அக்கா தம்பியைப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

"அது அங்கயே இருக்கட்டும். மேசை வரட்டும், பாக்கலாம்."