ஏழு டாக்டர்களின் கால்பந்து அணி

“மருத்துவ உதவியாளர்: வருகை தந்த அணியைச் சேர்ந்தவர்.” சென்ற ஆண்டு ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அமெரிக்காவில், பேர்லேண்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த பள்ளி மைதானத்தில் நடந்த கால்பந்து ஆட்டம் பற்றிய நடுவர் அறிக்கையில் இப்படி ஒரு வரி இருக்கிறது. மற்றவர்களுக்கு அது சாதாரண வரி. எனக்கு அதைப் படித்தால் இன்றும் எரிச்சலும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.

எங்கள் அணி பெரிய லீகில் ஆடும் அணி அல்ல. அதற்குப் பல படிகள் கீழே, பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் சம்பளமில்லாமல் ஆடும் அணி. அதன் வரலாற்றை நான் எழுதி வைக்கிறேன்; யாரும் கேட்டதில்லை. முதல் உரிமையாளர் மரச்சாமான் கடை வைத்திருந்தவர். கடை நொடித்ததும் ஓர் உணவக முதலாளிக்கு விற்றார். அவர் முதலில் சட்டையின் நிறத்தை மாற்றினார், பிறகு மைதான வாடகை கட்டுவதை நிறுத்தினார். எங்கள் பிள்ளைகள் அங்கே பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்ததால், கோயில் கேன்டீனில் உட்கார்ந்து பேசி, முப்பது தமிழ்க் குடும்பங்கள் பங்கு போட்டு அணியை வாங்கினோம். அதில் ஏழு பேர் டாக்டர்கள். இனிமேல் கவலையில்லை என்று நினைத்தோம்.

சீசன் தொடக்க விழாவில் ஸ்பான்சருக்கு யார் பொன்னாடை போர்த்துவது என்று தகராறு வந்தது. தலைவர் போர்த்தினார், பொருளாளர் மேடையை விட்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் இரண்டு வாட்ஸ்அப் குழு, இரண்டு நிர்வாகக் குழு, இரண்டு தலைவர். செல்லுபடியாகும் கையெழுத்து யாருடையது என்று தெரியும்வரை வங்கி கணக்கை முடக்கி வைத்தது. “யார் பேருக்கு செக் எழுதணும்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க” என்று போனவர்தான் ஸ்பான்சர், திரும்பி வரவில்லை. பொன்னாடையும் அவரோடு போனது.

இந்தக் கூத்தில் எங்கள் மைதானத்தில் நடக்கவேண்டிய இரண்டு ஆட்டங்கள் நடக்கவில்லை. மூன்றாவதும் நடக்காவிட்டால் லீகிலிருந்து நீக்கம். வீரர்கள் வேறு அணிக்கு மாறும் காலக்கெடுவும் முடிந்திருந்தது. நீக்கினால் அந்த ஆண்டு அவர்களுக்கு ஆட்டமே இல்லை. எங்கள் கேப்டன் வீடுகளுக்கு பெயிண்ட் அடிப்பவர், ஹோண்டுராஸ்காரர், எல்லா உரிமையாளர்களின் கீழும் ஆடியவர். முழங்கால் ஒத்துழைக்காததால் அதுவே தன் கடைசி சீசன் என்று சொல்லியிருந்தார்.

அந்த மூன்றாவது ஆட்டத்தன்று மைதானத்தின் ஒரு கோடியில் ஒரு குழுவின் கூடாரம், தட்டு தட்டாகப் புளியோதரை, தயிர்சாதம். மறுகோடியில் இன்னொரு குழுவின் கூடாரம், சிக்கன் பிரியாணி. சாப்பாட்டை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவர் வந்து, “உங்கள் மருத்துவ உதவியாளர் எங்கே?” என்று கேட்டார். ஒரு டாக்டரோ நர்ஸோ ஓரத்தில் உட்காராமல் விசில் ஊதக்கூடாது என்பது விதி. அவரை ஏற்பாடு செய்யவேண்டியது யாருடைய மைதானமோ அந்த அணி, அதாவது நாங்கள். அரைமணி நேரம் கொடுத்தார். ஏழு டாக்டர்களில் ஒருவரும் மைதானத்துக்கு வந்திருக்கவில்லை.

ஒரு குழுவின் டாக்டரைப் போனில் அழைத்தேன்.

“அண்ணா, நான் வந்து உட்கார்ந்தா அவங்க கமிட்டியை அக்செப்ட் பண்ண மாதிரி ஆயிடும். பிரின்சிபிள்னு ஒண்ணு இருக்குல்ல?”

“யாருக்காவது கால் உடைஞ்சா?”

“உடைஞ்சா உடனே போன் பண்ணுங்க, பத்து நிமிஷத்துல டிரைவ் பண்ணி வந்துடறேன். உடையறதுக்கு முன்னாடி வர்றதுதான் கஷ்டம்.”

அடுத்த குழுவின் டாக்டரை அழைத்தேன். அவர் அம்மா எடுத்து, “அவன் தூங்கறான்ப்பா” என்றார். பின்னால் அவர், “நான் இல்லைன்னு சொல்லும்மா” என்பது தெளிவாகக் கேட்டது. மற்ற ஐந்து பேரும் போனையே எடுக்கவில்லை.

கேப்டன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். “உங்கள் ஓனர்களில் எத்தனை டாக்டர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஏழு என்றேன். அவர் கட்டிய கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போது எதிரணிக்காரர்கள் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். ஆஸ்பத்திரி உடையை இன்னும் மாற்றவில்லை. போனில் தன் நர்ஸ் லைசென்ஸை எடுத்து நடுவரிடம் காட்டினார். “இவங்களுக்காக நான் உட்காரலாமா?” ஆட்டம் நடக்காவிட்டால் அவருடைய அணிக்குத்தான் வெற்றி. அந்தப் பக்கமிருந்து யாரோ ஸ்பானிஷில் கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “என் தம்பி ஆடறதைப் பார்க்க லூசியானா பார்டர்ல இருந்து வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன். அவன் சும்மா நிக்கிறதைப் பார்க்க இல்ல” என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

இரண்டாம் பாதியில் அந்தத் தம்பியும் எங்கள் கோல்கீப்பரும் மோதி விழுந்தார்கள். அக்கா ஓடினார், நேராக எங்கள் கோல்கீப்பரிடம். புருவம் கிழிந்திருந்தது. தம்பி தரையில் உட்கார்ந்தபடி, “நானும் இருக்கேன்” என்று கையசைத்தான். “உனக்கு ரத்தம் வரல, காத்திரு” என்றார். பெஞ்சில் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன், அழுகை வந்துவிடாமல் இருக்க.

நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். ஆனால் லீகில் இருந்தோம். கேப்டன் அந்த சீசனை முழுக்க ஆடி முடித்தார். அன்று மாலையே இரண்டு வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே படம் வந்தது: நர்ஸ் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் படம். இரண்டிலும் ஒரே செய்தி: “நமது குழுவின் ஏற்பாடு.” டாக்டர்கள் கைதட்டும் எமோஜிகளை அனுப்பியிருந்தார்கள். குளிர்காலத்தில் இரு தரப்பும் சலித்துப்போய் அணியை ஒரு கார் உதிரிபாக வியாபாரிக்கு விற்றன. அவர் மறுபடியும் சட்டையின் நிறத்தை மாற்றினார்.

இந்த அணி யாருடையது என்று யாராவது கேட்டால் நான்கு உரிமையாளர்களையும் வரிசையாகச் சொல்கிறேன். மனதில் மட்டும் ஒரு நாள் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்தான் வருகிறார். அவரை எதிரணிப் பயிற்சியாளரே அனுப்பினார் என்று ஒருவரும், பயிற்சியாளர் தடுத்தும் கேளாமல் அவர் வந்தார் என்று இன்னொருவரும் என்னிடம் சொன்னார்கள். எது உண்மை என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.