என் மகள் மேல் துப்பியவர்கள்

ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டிய ஒரு பழைய கிடங்கில், ஞாயிற்றுக்கிழமை மதியம், என் மகளின் முகத்தில் ஒருவன் காறித் துப்பினான். அவள் மேடையில் பாடிக்கொண்டிருந்தாள். எச்சில் கன்னத்தில் விழுந்து தாடை வரை வழிந்தது. அவள் துடைக்கவில்லை. சிரித்தாள். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் துப்பினார்கள்.

வாசலோரம் நின்றிருந்த நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இத்தனைக்கும் நான் சளி பார்த்துப் பிழைப்பவள். காசநோய் மருத்துவமனையில் சளிப் பரிசோதனைப் பிரிவில் டெக்னீஷியன். காலையில் போனால் வரிசையாக டப்பாக்கள் இருக்கும். மஞ்சள், பச்சை, ரத்தம் கலந்தது, எங்கள் பக்கத்துக்கே உரிய கரித்தூள் கறுப்பு. குச்சியால் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, காயவைத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கையைக் கழுவிவிட்டு அடுத்த அறையில் தயிர்சாதம் சாப்பிடுவேன். அந்த வேலையில் எனக்கு அருவருப்பு வந்ததே இல்லை. நோயாளி அதை யார் மேலும் வீசவில்லை. முடியாமல் துப்புகிறான், அவ்வளவுதான்.

அவள் பாடியது பங்க் ராக், கிடாரும் டிரம்ஸும் அதிர ஆவேசமாகக் கத்தும் வெளிநாட்டுப் பாட்டு. தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூரில் எங்கள் தெருவில் அந்தப் பெயரையே யாரும் கேட்டதில்லை. கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் கேசட்டுகள் பர்மா பஜாரில் குவியலாகக் கிடக்கும். அதில் எதையோ எடுத்துவந்து நாடா தேயும்வரை கேட்டாள். அப்போது பி.காம். இரண்டாம் வருடம். யாரோ கைவிட்ட கிடார் ஒன்றைப் பிடித்து, விரல் வைக்க மூன்றே மூன்று இடம் கற்றுக்கொண்டாள். அதற்கு மேல் இந்தப் பாட்டுக்குத் தேவையில்லையாம். பிறகு தமிழில் கத்த ஆரம்பித்தாள். தமிழில் இதை முதலில் பாடியவள் அவள்தான் என்று இப்போது எழுதுகிறார்கள். இருக்கலாம். என் காதுக்கு அது குழாயடிச் சண்டை. ‘மூக்கைப் பொத்து’ என்று ஒரு பாட்டு. உரத் தொழிற்சாலையிலிருந்து காற்றில் அமோனியா அடிக்கும் நாளில் எங்கள் தெருவே சொல்லும் வார்த்தை. அதையே திரும்பத் திரும்பக் கத்தினால் பாட்டாகிவிடுமா? காதில் கம்மலுக்குப் பதில் ஊக்கு. தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டு, எலி கடித்த துடைப்பம் மாதிரி வந்து நின்றாள். ஷிப்டு முடிந்து வந்த அவள் அப்பா அதைப் பார்த்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் டீக்கடைக்குத் திரும்பிப் போனார்.

அவளுக்கு டிரம்ஸ் வாசித்தவன் கொருக்குப்பேட்டைக்காரன். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலை. அதற்கு முன் சாவு ஊர்வலங்களில் மேளம் அடித்தவன். அன்று கச்சேரி முடிந்ததும் அவனைத்தான் வெளியே இழுத்தேன்.

“இன்னாடா நடக்குது உள்ள? அவ மேல துப்புறானுங்க, நீ பாட்டுக்கு அடிச்சிகினு கீற?”

“அய்ய, அது மரியாதைம்மா. பாரின்ல பங்க் பாடுறவங்கள இப்டித்தான் மெச்சிக்குவாங்களாம். வீடியோ கேசட்ல பார்த்தோம்.”

“பஸ்ஸுல உன் மேல ஒருத்தன் துப்பட்டும். மாலையா போடுவ?”

“பல்லு பேந்துரும்.”

“அப்புறம்?”

“அது பஸ்ஸும்மா. இது கச்சேரி.”

மகள் பனியன் நுனியால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். “மா, கலீஜ்னு மூஞ்சிய சுளிக்காத. உனுக்கு இதெல்லாம் புரியாது.”

எனக்கு ஒன்று நன்றாகவே புரிந்தது. எங்கள் பக்கத்துப் பையன்கள் பின்னால் நின்று விசிலடித்தார்கள், கிண்டல் செய்தார்கள், காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஒருவன்கூடத் துப்பவில்லை. துப்பியவர்கள் நகரின் தெற்குப் பகுதியிலிருந்து காரில் வந்த கல்லூரிப் பிள்ளைகள். கருவாட்டு நாற்றமும் கரித்தூளும் தாங்காமல் மூக்கில் கைக்குட்டையோடு இறங்குவார்கள். உள்ளே போனதும் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என் மகள் மேல் துப்புவார்கள். அவர்கள் வீட்டுப் பெண் பாடியிருந்தால் துப்பியிருப்பார்களா? இதைக் கேட்டேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அவளும் டிரம்ஸ்காரனும் பயிற்சி எடுத்தது ரயில் பாதையோரத் தகரக் கொட்டகையில். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்ததால், ஜன்னலைச் சாக்காலும் முட்டை அட்டைகளாலும் அடைத்துவிட்டார்கள். காற்று நுழைய வழியில்லை. டிரம்ஸ்காரன் மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்தான். கேட்டால் “கரி இருமல்மா” என்பான். எங்கள் பக்கத்தில் அது ஒரு நோயே இல்லை. கரியில் வேலை செய்யும் ஆண்கள் எல்லாரும் இருமுவார்கள். தெருமுனையில் கேட்கும் இருமலை வைத்தே புருஷன் வருகிறான் என்று அடுப்பில் டீ வைக்கும் பெண்கள் உண்டு. ரத்தம் வந்தால்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அதற்குள் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குத் தொற்றியிருக்கும்.

மகளும் இருமத் தொடங்கினாள். மாலையில் காய்ச்சல். ஊக்கு மாட்டிய காதுக்குக் கீழே கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து டப்பா கொண்டுவந்து நீட்டினேன்.

“ஊரு என் மேல துப்புனா திட்டுற. இப்ப நீயே துப்புடின்னு டப்பா எடுத்துகினு வர்ற. நல்லாக்கீதும்மா உன் நியாயம்!”

“துப்புடி முதல்ல. நியாயம் அப்புறம் பேசலாம்.”

துப்பினாள். மறுநாள் நீலப் பரப்பில் சின்னச் சின்னச் சிவப்புக் கீறல்களாகக் காசநோய்க் கிருமிகளைப் பார்த்தேன். ஆயிரம் தடவை பார்த்தவைதான். அன்றைக்கு மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

மேடையில் பட்ட எச்சிலால் வந்ததல்ல. அது எனக்குத் தெரியும். மூடிய கொட்டகையில், பக்கத்திலேயே ஒருவன் இருமிய காற்றிலிருந்து வந்தது. அவனையும் இழுத்துவந்து பரிசோதித்தேன். அவன் சளியில் கிருமிகள் அப்பிக் கிடந்தன. இருவருக்கும் ஆறு மாத மாத்திரை. மகள் ஒருநாள் விட்டு ஒருநாள் என் எதிரே விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். குமட்டியது, சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது, பெங்களூரில் பாட வந்த வாய்ப்பும் கைநழுவியது. என்னைத் திட்டிக்கொண்டே விழுங்கினாள். அவனுக்கு இரண்டு மாதத்தில் காய்ச்சல் நின்றது, எடை ஏறியது. கப்பல் வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன்.

“நல்லாக்கீறேன்மா. பாரு, இருமலக் காணோம். சும்மா பேஜாரு பண்ணாத.”

மழைக்காலத்தில் ரத்தம் ரத்தமாகக் கக்கிச் செத்தான்.

மருந்து முடிந்து, சளி சுத்தம் என்று நானே எழுதிக் கொடுத்த பிறகு, அவள் மறுபடி அதே கிடங்கில் பாடினாள். குரல் தடித்திருந்தது. நீண்ட வரியில் மூச்சு பாதியில் அறுந்தது. முன்னைவிட அதிகமான கார்கள். டிரம்ஸ்காரன் செத்ததும் இவளுக்கு நோய் வந்ததும் அவர்களுக்கு எட்டியிருந்தது. அதனாலேயே வந்திருந்தார்கள். முதல் பாட்டிலேயே துப்பல் ஆரம்பித்தது. கிடாரை நிறுத்தினாள்.

“எங்க ஆளு இருமி இருமியே செத்தான். அதே சீக்குல நானும் ஆறு மாசம் மாத்திர துன்னேன். இனிமே எவனாவது துப்புனான், கீழ எறங்கி வந்து அறைவேன்.”

கூட்டம் ஆர்ப்பரித்தது. இதுவும் கச்சேரியின் பகுதி என்று நினைத்துவிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டைக்காரன் ஒருவன் முன்னால் வந்து நிதானமாகத் துப்பினான். அவள் இறங்கிவந்து அறைந்தாள். நல்ல அறை. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு நண்பர்கள் பக்கம் திரும்பினான். “டேய், என்னை அடிச்சாடா!” என்று கத்தினான். ஏதோ பரிசு கிடைத்தவன் மாதிரி. பின்னால் இருந்தவர்கள் முண்டியடித்து வரிசையில் நின்று கன்னத்தை நீட்டினார்கள். “எனக்கு, எனக்கு!”

என் வாழ்நாளில் அவ்வளவு அசிங்கத்தை நான் எந்த டப்பாவிலும் பார்த்ததில்லை.

மகள் அந்த வரிசையைப் பார்த்தாள். சுவரிலிருந்து கிடாரின் ஒயரைப் பிடுங்கினாள். அதற்கும் கைதட்டினார்கள். என்னிடம் வந்து என் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வாம்மா, போலாம்.” அந்தப் புடவையை மறுநாள் கொளுத்தினேன்.

அதற்குப் பிறகு அவள் மூடிய இடத்தில் பாடவில்லை. வெட்டவெளியில் முதல் தடவை நெட்டுக்குப்பத்தில், கடற்காற்றில், வலை காயப்போடும் மணலில் நின்று கத்தினாள். வேறொருவன் டிரம்ஸ் வாசித்தான், சுமாராக. கூடையோடு நின்ற ஒரு மீன்காரம்மா முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“இன்னாடி இது, பாட்டா? இந்தக் கத்துக்கு எங்கூட மார்க்கெட்டுக்கு வா, நாலு கூடை வித்துரலாம்.”

கூட்டம் சிரித்தது. மகளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. நான் எழுந்துவிட்டேன். மீன்காரம்மா பின்னால் நகரவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, “மெதுவா, மெதுவா” என்று அவள் முதுகைத் தட்டினாள். இருமல் நின்றது. மகள் அடுத்த பாட்டை ஆரம்பித்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.